கால் அங்குலம்

காரை நிறுத்தியதும் அண்ணி உடனே இறங்கிவிட மாட்டாள். எஞ்சினை அணைத்துவிட்டு, சூடு இறங்கும்போது இரும்பு போடும் ‘டிக், டிக்’ சத்தத்தை ஏழெட்டுத் தடவை கேட்டபடி உட்கார்ந்திருப்பாள். பிறகு இறங்கி, மாடிப்படிக்கு அடியில் சாய்த்து வைத்திருக்கும் காக்கி அட்டையை எடுத்து எஞ்சினுக்கு நேர் கீழே தள்ளுவாள். தள்ளியதோடு வேலை முடிந்துவிடாது. தரையில் குந்தி உட்கார்ந்து, அட்டையின் இரண்டு ஓரங்களிலும் முக்கோணமாக வெட்டியிருக்கும் அடையாளங்கள் முன்சக்கரங்களின் உள்விளிம்போடு பொருந்தும்வரை அதைச் சுண்டுவிரலால் நகர்த்துவாள். காலையில் பல் தேய்த்த கையோடு வந்து அட்டையை வெளியே இழுப்பாள். சொட்டு விழுந்திருந்தால் அதைத் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே உருட்டி, மோந்து பார்ப்பாள். தையல் சாக்கட்டியால் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் தேதி. முக்கோண அடையாளம் இருப்பதால் சொட்டு எதற்கு நேர் கீழே விழுந்தது, எஞ்சினில் எந்த இடம் கசிகிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிடும்.

மாதத்துக்கு ஓர் அட்டை. இருபத்து நாலு வருஷத்து அட்டைகள் மாடிப்படிக்கு அடியில் கட்டுக்கட்டாக நிற்கின்றன. “எனக்கு எத்தனையோ தடவை காய்ச்சல் வந்திருக்கு, ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அதுக்குப் பாரு, இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து ரிப்போர்ட் இருக்கு” என்பார் அண்ணன். அவர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். உலகப் படத்தில் எதைக் கேட்டாலும் விரல் வைப்பார். காரில் பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் யோசிப்பார்.

இதையெல்லாம் தினமும் மாடிப்படியில் டீ டம்ளரோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவன் அவளுடைய கொழுந்தன். வீட்டில் அவனுக்கு இளையவன் என்றே பெயர். அவன் பார்க்கும் வேலை, புதுக் கார் விற்பது.

கண்ணாடிச் சுவர் வைத்த கடை. உள்ளே நான்கு கார்கள், மேலே ஒரு விரல்ரேகைகூட இல்லாமல் நிற்கும். இளையவன் இயல்பில் வாய் திறக்காதவன். கடையில் மட்டும் மனப்பாடம் செய்ததை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். ‘துல்லியமான தயாரிப்பு’ என்ற வார்த்தையை ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்ல வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்தால் அந்த நாற்பதுக்கும் சேர்த்து மௌனம். அப்படிப்பட்டவன் தினமும் வேலைக்குப் போவது அண்ணியின் இருபத்தேழு வருஷப் பழைய காரில். மேனேஜர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று, கடைக்கு ஒரு தெரு முன்னாலேயே மருந்துக்கடை முனையில் இறங்கிக்கொள்வான். பின்சீட்டில் அண்ணியின் பட்டறைப் பெண்கள் மூன்று பேர் இருப்பார்கள். “பாத்துப் போங்க தம்பி, பழைய கார் வாசனை சட்டையில ஒட்டியிருக்கப் போகுது” என்று அவர்களில் காஜா போடுகிறவள் தினமும் வழியனுப்புவாள்.

அண்ணி கட்டிங் மாஸ்டர். பள்ளிப் பிள்ளைகளுக்கும் நர்சுகளுக்கும் பஸ் ஓட்டுநர்களுக்கும் சீருடை தைக்கும் பட்டறை அது. பத்தொன்பது வயதில் நூல் பிசிறு வெட்டச் சேர்ந்தவள், கத்தரிக்கோலுக்கும் கத்திக்கும் வர ஆறு வருஷம் ஆயிற்று. அங்கே கொக்கிகளில் தொங்கும் பேட்டர்ன் அட்டைகள் எல்லாம் தைக்கும் கோட்டின் அளவுக்குத்தான் இருக்கும். அட்டையைத் துணிமேல் வைத்துக் கோடு போட்டுவிட்டு, கோட்டுக்கு வெளியே தையலுக்காகக் கால் அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். அந்தக் கால் அங்குலத்துக்கு அளவுகோல் கிடையாது. அது அவள் கையில் இருந்தது. காலர் வளைவானாலும் அக்குள் வளைவானாலும் கத்தி கோட்டை விட்டு அதே தூரத்தில், கோட்டோடு பேசிக்கொண்டே நடப்பது போலப் போகும். முதலாளி ஒரு தடவை வேண்டுமென்றே டேப்பை வைத்துப் பன்னிரண்டு இடத்தில் அளந்தார். பிறகு டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கார் வந்தபோது அதற்கு மூன்று வயது, இளையவனுக்குப் பதின்மூன்று. வந்த முதல் மழையிலேயே வைப்பர் நின்றுபோனது. அவனுக்கு அன்று பரீட்சை. அண்ணி இறங்கவில்லை, புலம்பவில்லை. கைப்பையிலிருந்து நாடாவை எடுத்து இரண்டு வைப்பரிலும் கட்டி, ஒரு முனையை இடது ஜன்னல் வழியே அவன் கையிலும், இன்னொன்றை வலது பின் ஜன்னல் வழியே அண்ணன் கையிலும் கொடுத்தாள். நீ இழு, நான் இழுக்கிறேன் என்று இருவரும் மாறி மாறி இழுக்க, கண்ணாடி துடைபட, பரீட்சைக்குப் பத்து நிமிஷம் முன்னால் போய் நின்றார்கள். அண்ணன் அன்று நனைந்த வலது தோளைப் பற்றி இன்றும் பேசுவார்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் காரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டாள். கதவோர ரப்பர் கிழிந்தபோது மழைக்கோட்டுத் துணியைச் சுருட்டித் தைத்தாள். கூரைத் துணி தொங்கியபோது மாற்றினாள். சீட் உறை ஆறு தடவை மாறியிருக்கிறது. எல்லாம் பட்டறையில் மிஞ்சிய துணி. ஒரு காலத்தில் கார் உள்ளே பஸ் ஓட்டுநர் காக்கியாக இருந்தது, பிறகு கட்டம் போட்ட பள்ளிப் பாவாடையாக. வெளியே வானநீலமாக இருந்தது இப்போது துவைத்துத் துவைத்து வெளுத்த நீலம். அதன்மேல் காலை வெயில் விழும்போது இளையவனுக்கு அது ஒரு வண்டியாகத் தெரியாது. வெகுநாளாகக் கொடியில் காயும் ஏதோ ஒன்றாகத் தெரியும்.

புதுக் கார் வாங்கச் சொல்லி அவன் கேட்காத மாதமில்லை.

“பின்னாடி கேமரா இருக்கு அண்ணி. திரும்பிப் பாக்கவே வேணாம்.”

“எனக்குக் கழுத்து திரும்புதே” என்பாள்.

“டயர்ல காத்து கொறஞ்சா அதுவே சொல்லும்.”

“இதுவும் சொல்லுது. நீதான் காது குடுக்க மாட்டேங்கற.”

இப்படியே போயிருக்கும். ஆனால் அந்த வருஷம் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. இருபத்தைந்து வருஷம் தாண்டிய வண்டிகள் எல்லாம் தகுதிப் பரிசோதனைக்கு வர வேண்டும். எஞ்சினில் ஒரு சொட்டுக் கசிந்தாலும் தேறாது. தேறாத வண்டியின் பதிவு எண் அன்றே ரத்தாகும். வண்டி அங்கிருந்தே நசுக்கும் ஆலைக்குப் போய்விடும். வீட்டுக்குத் திரும்பாது. இருபது நாள் தவணை கொடுத்திருந்தார்கள். அண்ணி அதை இரண்டு தடவை படித்தாள். மடித்து, தட்டின்மேல் வைத்தாள். இளையவன் அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தான்.

“தேறலன்னா எங்க கடைக்கு வருவீங்களா?”

“வரேன். எந்தக் கார்ல உக்காரச் சொல்றியோ அதுல உக்காருறேன்” என்றாள் அண்ணி. “தேறிட்டா, மருந்துக்கடை முனையில எறங்குற வேலைய விட்டுடணும். உங்க கடை வாசல்லதான் எறக்கி விடுவேன்.”

தான் ஏன் அங்கே இறங்குகிறான் என்பதை அவள் இத்தனை நாள் மனதில் வைத்திருப்பாள் என்று அவன் நினைக்கவே இல்லை. அண்ணன் சோற்றைப் பிசைந்தபடி, தனக்கு இரண்டு பேருமே வேண்டும் என்பதால் இதில் கருத்து எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

எட்டாம் நாள் காலை அட்டையில் ஒரு பச்சைச் சொட்டு. படியிலிருந்தே இளையவனுக்குத் தெரிந்தது. அண்ணி அதைத் தொட்டு மோந்து பார்த்தாள். வட்டம் போட்ட கை அப்படியே நின்றது. தேதி எழுத மறந்து எழுந்தாள். பச்சை என்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட். விழுந்த இடத்துக்கு நேர் மேலே, அதை எஞ்சின் முழுக்கச் சுற்ற வைக்கும் வாட்டர் பம்ப்.

அந்தக் காரைத் தொடுகிற ஒரே மெக்கானிக்குக்கு ‘நாளைக்கு’ என்று பெயர். எதைக் கேட்டாலும் நாளைக்குத் தருகிறேன் என்பார், எப்படியோ ஒரு நாளைக்குத் தந்தும் விடுவார். அவர் பம்பைக் கழற்றிப் பார்த்தார். பம்ப் கல் மாதிரி இருக்கிறது, போனது நடுவிலிருக்கும் பேக்கிங் என்றார். இரண்டு உலோகம் சேரும் இடத்தில் நீர் கசியாமலிருக்க வைக்கும் மெல்லிய அட்டை அது. சுரண்டி எடுத்தபோதே மூன்று துண்டாக உதிர்ந்துவிட்டது. இந்த மாடலுக்கு அதைச் செய்வதை நிறுத்திப் பத்து வருஷம் ஆகிறதாம். பசை போட்டு ஒட்டிவிடலாம், பரிசோதனை முடியும்வரை தாங்கும் என்றார்.

“அதுக்கப்புறம்?” என்று கேட்டாள் அண்ணி.

அதற்கப்புறத்தைப் பற்றி அவர் யோசித்திருக்கவில்லை. பம்பைத் துடைத்துக் கொடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் இளையவனுக்கு விடுமுறை. பம்ப் கனமாக இருந்ததால் அவனே பட்டறைக்குத் தூக்கிப் போனான். அவன் அங்கே உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. பன்னிரண்டு ஆள் படுக்கலாம் போல நீளமான வெட்டு மேசை. சுவர் நெடுகக் கொக்கிகளில் பேட்டர்ன் அட்டைகள்: காலர், கைப்பட்டி, சட்டைப்பை, கால்சட்டையின் முன்பாதி. மனிதர்களைக் கழற்றி மாட்டி வைத்தது மாதிரி இருந்தது. அண்ணி மதிய இடைவேளையில் தடித்த பேக்கிங் தாளை விரித்து, பம்பின் வாயைக் கவிழ்த்து, சுற்றிலும் கோடு போட்டாள். வெளிக்கோடு ஒன்று, நீர் போகும் வழிக்கு உள்கோடு ஒன்று, போல்ட்டுக்கு ஆறு ஓட்டை. அவளுடைய சின்னக் கத்தி தாளில் இறங்கியதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள்கூட மெல்வதை நிறுத்தினார்கள். முழு வளைவையும் அவள் ஒரே மூச்சில் முடித்தாள். ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. இளையவன் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வைத்தான். அண்ணி தேறிவிடுவாள் என்று அப்போதே பட்டது. நெஞ்சில் சின்னதாக ஒரு ஏமாற்றமும், அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதியும் எழுந்ததைக் கண்டு அவனுக்கே குழப்பம்.

‘நாளைக்கு’ பம்பைப் பூட்டினார். ஐந்து நாள் கழித்துக் கார் வந்தது. மறுநாள் அட்டை சுத்தமாக இருந்தது.

அன்று வழக்கம்போல ஐந்து பேரும் கிளம்பினார்கள். சமதரையில் கார் சமத்தாக ஓடியது. மேம்பாலத்தில் ஏறும்போது அண்ணியின் முதுகு நிமிர்வதை இளையவன் பார்த்தான். அவள் கண் ரோட்டில் பாதியும் வெப்பம் காட்டும் முள்ளில் பாதியுமாக இருந்தது. முள் நடுக்கோட்டைத் தாண்டியது. அவள் ஹீட்டரை முழுசாகத் திறந்தாள். எஞ்சின் சூட்டைக் காருக்குள் இழுத்து முள்ளை இறக்கும் வழி அது. வெளியே வெயில், உள்ளே உலை. பின்சீட்டில் காஜாக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மாஸ்டர், எங்களுக்கு இஸ்திரி போடணும்னா பட்டறையிலயே போட்டிருக்கலாமே” என்றாள். பாலத்தின் உச்சி தாண்டியதும் அண்ணி எஞ்சினை அணைத்து, இறக்கத்தில் காரை உருளவிட்டு ஓரமாக நிறுத்தினாள். முள் சிவப்பைத் தொட ஒரு நகக்கண் அளவுதான் மிச்சமிருந்தது.

பெண்கள் ஆட்டோ பிடித்தார்கள். காஜாக்காரி திரும்பி வந்து, பானட்மேல் கை வைக்கப் போய்ச் சூட்டில் எடுத்துக்கொண்டு, “சரியாயிடும் மாஸ்டர்” என்று காரிடமா அவளிடமா என்று தெரியாதபடி சொல்லிவிட்டுப் போனாள். அண்ணி இறங்கிக் காருக்குக் கீழே பார்த்தாள். ஒரு சொட்டுகூட இல்லை.

“கசியவே இல்லையே. அப்புறம் ஏன் கொதிக்குது?” என்றாள். அவளுக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்றை அவள் வாயிலிருந்து அவன் கேட்டதே இல்லை. இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. ‘எங்க கடைல வெள்ளை நிறத்துல ஒண்ணு இருக்கு’ என்று சொல்லச் சரியான நேரம். அதற்குப் பதில் மேனேஜருக்கு ஃபோன் செய்து, வயிற்றுவலி என்று பொய் சொன்னான்.

‘நாளைக்கு’ பம்பே போய்விட்டது என்று முடிவு கட்டினார். அண்ணி கேட்கவில்லை, கழற்றுங்கள் என்றாள். கழற்றினார். பேக்கிங் அவள் வெட்டியபடியே இருந்தது, கிழியவில்லை. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு பம்பின் வாயில் வைத்துப் பார்த்தாள்.

“பூட்டும்போது இது வெளிய துருத்திட்டு இருந்துச்சா?”

“ஆமா, சுத்தியும் கொஞ்சம் நீட்டிட்டு இருந்துச்சு. பிளேடு போட்டுச் சீவி விட்டேன். அது ஒரு பெரிய விஷயமா?”

“சீவினது எங்க?”

மேசைக்கு அடியில் குப்பையில் கிடந்தது. அண்ணி குனிந்து, சுருள் சுருளாகக் கிடந்த அந்தத் தாள் நாடாவை எடுத்து நீவினாள். கழுத்தில் தொங்கிய டேப்பை வைத்தாள். முதல் நுனியிலிருந்து கடைசி நுனிவரை ஒரே அகலம். உள்பக்கம் நீர் போகும் வழிக்குள் நீட்டிக்கொண்டிருந்த விளிம்பையும் அளந்தாள். அதே அகலம். வாசல் மாதிரி இருக்க வேண்டிய வழியை அது ஜன்னலாகக் குறுக்கியிருந்தது. சமதரையில் போதும், மேட்டில் போதாது. அவள் கவிழ்த்து வைத்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“தையலுக்கு விட்டுட்டேன்” என்றாள்.

‘நாளைக்கு’ அவளையும் பம்பையும் மாறி மாறிப் பார்த்தார். “இதுல எதம்மா தைக்கப் போறோம்?”

“முப்பத்தோரு வருஷமா கோட்டு மேல கத்தி வெச்சதே இல்ல” என்றாள் அண்ணி. அவள் தன் வலது கையை, வேறு யாருடையதோ போல, மடிமேல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இளையவன் சுருண்டு கிடந்த தாள் நாடாவைப் பார்த்தான். ஒரு தவறு இவ்வளவு ஒழுங்காக இருக்க முடியும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. அதை எடுத்து, யாரும் பார்க்காதபோது, சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் சாவி வாங்கிப் பட்டறையைத் திறந்தார்கள். மெஷின்கள் எல்லாம் உறை போட்டுக்கொண்டு தூங்கின. அண்ணி புதுத் தாளை விரித்துக் கோடு போட்டாள். கோட்டின்மேலேயே வெட்ட வேண்டும், அவ்வளவுதான். கத்தியைச் சரியாகக் கோட்டின்மேல் ஊன்றினாள். இரண்டு விரற்கடை போவதற்குள் கத்தி தானாக வெளியே நழுவியது. தாளைக் கிழித்துப் போட்டாள். இரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக வெட்டினாள். விளிம்பு எலி கடித்தது போல வந்தது. மூன்றாவது தடவையும் அப்படித்தான். பழகாதவன் வெட்டினால்கூட இதைவிட நன்றாக இருக்கும் என்று அவளே சொன்னாள். நான் வெட்டட்டுமா அண்ணி என்று கேட்டு, ஒன்றைக் கெடுத்தும் கொடுத்தான் இளையவன். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாளில் இன்னும் ஒரே ஒரு துண்டுதான் பாக்கி.

அவள் தண்ணீர் குடித்தாள். சுவரில் தொங்கிய பேட்டர்ன்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து பென்சிலை எடுத்து, வெளிக்கோட்டுக்குக் கால் அங்குலம் உள்ளே தள்ளி இன்னொரு கோடு வரைந்தாள். உள்கோட்டுக்குக் கால் அங்குலம் வெளியே தள்ளி மற்றொன்று. நடுவில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று உரசிவிடும் போல நெருங்கி ஓடின. பழைய கோடுகளை ரப்பரால் சுத்தமாக அழித்தாள்.

“என்ன அண்ணி, இது நூல் மாதிரி இருக்கு? இவ்வளவு சின்னதா வெட்டுனா எப்படி?”

“கையத் திருத்த எனக்கு இனிமே வயசு இல்ல தம்பி. கோட்டத் திருத்திட்டேன். கை அது இஷ்டத்துக்கு விடட்டும்.”

கத்தி இறங்கியது. இந்தத் தடவை அவள் எதையும் அடக்கவில்லை. கண் கோட்டைப் பார்த்தது. கை கோட்டைத் தொடாமல், கால் அங்குலம் தள்ளி, அங்கே எதுவும் வரையப்படாத வெறும் தாளில், முப்பத்தோரு வருஷம் நடந்த பாதையில் நடந்தது. வெட்டி முடித்து, வளையத்தை எடுத்துப் பம்பின் வாயில் வைத்தாள். அது எங்கோ காணாமல் போய்த் திரும்பி வந்தது போல அதில் உட்கார்ந்தது. அண்ணி பம்பைத் தூக்கி அவன் கையில் கொடுத்து ஜன்னல் பக்கம் கைகாட்டினாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தான். உள்விளிம்பில், வெளிவிளிம்பில், எங்கேயும் உலோகத்தைத் தாண்டித் தாள் இல்லை. தாளைத் தாண்டி உலோகம் இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை அவன் சொல்லும் அந்த வார்த்தை அவன் கையில் கனத்தது. அது அளவுகோலில் இருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான். இவ்வளவு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் கையை அவன் டீ டம்ளர் வாங்கிக்கொள்ள மட்டுமே பார்த்திருக்கிறான்.

பம்பை அவன் துணியில் சுற்றினான். அண்ணி கத்தியைத் துடைத்து உறையில் போட்டாள். பசிக்கிறது என்றாள்.

பரிசோதனைக்கூடம் ஒரு பெரிய தகரக் கொட்டகை. சாவியை வாங்கிக்கொண்டு, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். பள்ளத்தின்மேல் காரை ஏற்றி எஞ்சினை ஓடவிட்டார்கள். பரிசோதகர் ஒல்லியான, பேசாத மனிதர். கையில் விளக்கோடு பள்ளத்தில் இறங்கினார். அண்ணிக்கு முன்னால் வந்த வண்டி தேறவில்லை. அதை இழுத்துப்போகும் லாரி கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர் டேஷ்போர்டிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் ஒரு சீப்பையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அண்ணி அந்தச் சீப்பையே பார்த்தாள். இளையவனின் பையில் கடை விளம்பரத்தாள் ஒன்று இருந்தது. அதை உள்ளேயே கசக்கி உருட்டிக்கொண்டிருந்தான்.

எஞ்சின் இருபது நிமிஷம் ஓடியது. பரிசோதகர் வெள்ளைத் துணியால் பம்பின் விளிம்பை ஒரு சுற்றுத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடி துடைத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. மேலே ஏறி வந்தவர் சீல் வைப்பதற்கு முன், இந்த மாடலுக்கு அந்தப் பேக்கிங் எங்கே கிடைத்தது என்று கேட்டார். வெட்டியது என்றாள் அண்ணி. எந்தக் கம்பெனியில் என்றார்.

“நம்ம கம்பெனிதாங்க” என்றாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கையையும் பார்த்தார். ஏதோ கேட்க வந்து, கேட்காமல், சீலைக் குத்தினார்.

வெளியே வந்ததும் அண்ணி ஓட்டவில்லை. சாவியை இளையவனிடம் கொடுத்துவிட்டு இடது பக்கம் ஏறிக்கொண்டாள். மேம்பாலத்தில் ஏறும்போது இருவரும் முள்ளைப் பார்த்தார்கள். அது நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, அசையாமல் நின்றது.

மறுநாள் காலை அட்டையில் ஒன்றுமில்லை. அண்ணி வெறும் தேதியை மட்டும் எழுதினாள். எட்டரை மணிக்குக் கார் மருந்துக்கடை முனையில் நிற்காமல், கண்ணாடிச் சுவர் வைத்த கடை வாசலில் போய் நின்றது. மேனேஜர் உள்ளிருந்து பார்த்தார். இளையவன் இறங்கி, கதவைப் பட்டென்று அடிக்காமல், அந்தக் கதவுக்குத் தெரிந்த விதத்தில் லேசாகத் தூக்கிச் சாத்தினான். “நல்லா சத்தமா ‘போயிட்டு வரேன் அண்ணி’ன்னு சொல்லுங்க தம்பி” என்றாள் காஜாக்காரி. அவன் சொன்னான். சத்தமாகவே.

ஒன்றரை வருஷம் கழிந்தது. அதே மாடல் காரைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுக்க வந்த ஒருவர், பேச்செல்லாம் முடிந்த பிறகு, ‘நாளைக்கு’ மெக்கானிக்கிடம் பேக்கிங் கிடைத்துவிட்டது, இன்னும் கொஞ்ச வருஷம் ஓட்டிக்கொள்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். யார் செய்து தருகிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. இளையவன் அன்று மாலை காரில் ஏறியதும் அண்ணியிடம் கேட்டான். அவள் கியரை மாற்றினாள். காஜாக்காரிதான் பின்னாலிருந்து சொன்னாள். சுவரில் காலருக்கும் கைப்பட்டிக்கும் நடுவே, மூன்றாவது கொக்கியில், நூல் போல ஒல்லியான பேட்டர்ன் வளையம் ஒன்று ஒன்றரை வருஷமாகத் தொங்குகிறதாம். அளவு எழுதும் இடத்தில் மாஸ்டர் ‘தைக்க வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறாளாம். ‘நாளைக்கு’ சொல்லி அனுப்பும்போதெல்லாம் மதிய இடைவேளையில் வெட்டிக் கொடுத்து, அதன் பின்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைப்பாள். இதுவரை பத்தொன்பது கோடு. முதல் கோடு, பரிசோதனை முடிந்த மறுவாரம் தன் சொந்தக் காருக்காகப் பட்டறை வாசலில் வந்து நின்ற அந்தப் பேசாத பரிசோதகருடையது.